நிறைத்து வைத்த வண்டி

இப்படிப் பக்கமாக நகர்ந்து வாருங்கள், செல்லங்களா. விசிறிக் காற்று எல்லார் மேலும் படட்டும். இன்றைக்கு ஒரு தீயணைப்பு லாரியின் வயிற்றுக் கோளாறைக் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன். லாரிக்கு ஏது வயிறு என்று சிரிக்காதீர்கள். கியர் பெட்டிதான் அதற்கு வயிறு. அது கெட்டுவிட்டால் என்ஜின் தொண்டை கிழியக் கத்தினாலும் சக்கரத்துக்குச் சோறு போய்ச் சேராது. நடுவில் நெஞ்சு கொஞ்சம் கனக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் டரிங்காவில் தீயணைப்புக்குச் சம்பளக்காரர் எவரும் கிடையாது. கோதுமை விதைக்கிறவர், ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர், இவர்கள்தான் சத்தம் கேட்டதும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் லாரி ஓட்டுகிறவள் டார்லீன் ஷிர்மர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோதுமை லாரி ஓட்டியவள். பழைய தீ வண்டி கையால் கியர் போடுகிற ரகம். அதன் ஒவ்வொரு முனகலும் கியர்க் கம்பி வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்து சேதி சொல்லிவிடும். மேடு வருகிறதா, பாரம் இழுக்கிறதா, எல்லாம் கைக்கே தெரியும்.

அந்த வண்டி உழைத்து ஓய்ந்த பிறகு, கடற்கரை ஊர் ஒன்றில் கழித்துவிட்ட ஆட்டோமேட்டிக் லாரி வந்தது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். கைக்கு வேலை இல்லை, இடது காலுக்கும் வேலை இல்லை. எல்லாரும் சொகுசு என்றார்கள். டார்லீனுக்கு மட்டும் வாய் திறந்து பேசாத மருமகளோடு ஒரே வீட்டில் இருப்பது போல இருந்தது. அதற்குள் என்ன நடக்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. பயத்தில் அதன் எண்ணெய் மூடியைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. மிதித்தால் போகிறது, அவ்வளவுதான். கிளட்ச் மிதித்தே தேய்ந்த இடது கால் மட்டும் பழக்கதோஷத்தில் அவ்வப்போது முன்னால் போகும். அங்கே கிளட்ச் மிதி இருக்காது, பிரேக்தான் இருக்கும். வண்டி திடுக்கென்று குலுங்கும். உள்ளே இருப்பவர்கள் முன் கண்ணாடியில் முட்டிக்கொள்ளாத குறையாகச் சிரிப்பார்கள். அதெல்லாம் முதல் மாதத்துக் கதை. பிறகு அவள் இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைக்கப் பழகிக்கொண்டாள்.

நம் பக்கத்துக் கோடை உச்சமான ஜனவரியில் ஒரு மத்தியானம் கழுகு மேட்டில் தீப்பிடித்தது. மேட்டின் உச்சியில் லைல் நோஸ்கியின் நிலம். மனைவி போன பிறகு லைலுக்கு அவன் பெட்டை ஆடுகள்தான் குடும்பம். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து வெளி ஆடு கலக்காமல் வளர்த்த மந்தை அது. தீயணைப்புக் கூட்டத்திலும் அவன்தான் மிகவும் கருத்தானவன். குழாய், கோடரி, எண்ணெய் எல்லாம் அவன் பொறுப்பு. அன்றைக்கு அவன் தன் பிக்கப் வண்டியில் சின்னத் தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு உச்சியில் ஒற்றை ஆளாக நின்று, ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

டார்லீன் நல்ல வேகத்தில்தான் போனாள். பக்கத்தில் கேப்டன் புளூயி. செம்பட்டை முடிக்காரனுக்கு நீலம் என்று பேர் வைப்பதுதான் நம் ஊர்க் குசும்பு. தொட்டி நிறையத் தண்ணீரோடு பாதி மேடு ஏறியதும் என்ஜின் திடீரென்று ஓலமிட்டது. சத்தம் ஏறியதே தவிர வண்டி ஏறவில்லை. சேற்றில் மாட்டிய சக்கரம் போல எல்லாம் உள்ளேயே சுற்றியது. புளூயி மிதி மிதி என்று கத்தினான். மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவளும் கத்தினாள். வண்டி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. அவள் அதைப் பாதை ஓரத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்துவதற்குள் மேலே புகை கறுத்துவிட்டது.

பக்கத்து ஊர் வண்டி வந்துதான் தீயை அடக்கியது. லைலின் வீடு தப்பியது. ஆடுகள் தீயில் சிக்கி வேலி மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒதுங்கியிருந்தன. உயிர் மிச்சமிருந்தவற்றை அப்படியே விடமுடியாது. லைல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான். டார்லீன் பாதையோரத்தில் நின்று ஒவ்வொரு வெடியையும் கேட்டாள். அவன் திரும்பி வந்து அவளை ஒன்றும் திட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

இதைவிடக் கொடுமை ஒன்று கேளுங்கள். எல்லாம் ஆறிய பிறகு அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி பால் குடித்த குழந்தை மாதிரி சமர்த்தாக வீட்டுக்கு வந்தது. மறுநாள் புளூயி அதைக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. வண்டியில் குறை இல்லையென்றால் வேறு யாரிடம் குறை? ஊர் அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டுமா?

கடையில் ரொட்டி வாங்கப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழம் கேட்டது: "ஏன் டார்லீன், அன்னைக்கு இடது காலையும் வண்டியில கூட்டிட்டுப் போயிட்டியா?"

சிரிப்புக்குத்தான் கேட்டது. அவளும் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றி இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையில், அந்தக் கத்தலில், இந்தக் கால் அவளுக்குத் தெரியாமல் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்திருந்ததா? வலது கால் மிதிக்க, இடது கால் தடுக்க, நடுவில் வண்டி தவித்ததா? இல்லை என்று அவள் மனம் சொன்னது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டாள். சொந்த உடம்பைச் சந்தேகப்படுவது எப்பேர்ப்பட்ட நோய் தெரியுமா?

புளூயி தக்காளிப் பையோடு வந்தான். மென்மையாகத்தான் பேசினான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டுகிற ஆளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், அவள் ஒரு கோடை ஓய்வெடுக்கலாம், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற கெர்ரி ஓட்டட்டும் என்றான். வார இறுதியில் அனலை அள்ளிக்கொண்டு வடகாற்று வரப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஒரு பொறி விழுந்தால் என்னாகும் என்று இருவருக்கும் தெரியும்.

"நிக்கோ பாக்கட்டும்," என்றாள் டார்லீன். "வண்டியில ஒண்ணுமில்லன்னு அவன் சொல்லிட்டான்னா நானே சாவியக் கொண்டாந்து உன் கையில குடுக்கறேன். அதுக்கப்புறம் நீ ஓட்டச் சொன்னாலும் ஓட்டமாட்டேன்."

நிக்கோ ஸ்டாவ்ரு, பெரிய ஊரில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் கம்ப்யூட்டர் ஒயரைச் சொருகிப் பார்த்தான். எண்ணெய் சூடேறியது, உள்ளே வழுக்கியது, இவ்வளவுதான் அது சொன்னது. ஏன் என்று அது சொல்லவில்லை. முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்க்கும்படி அவளே கேட்டாள். அவன் ஏற இறங்கப் பார்த்தான். வீட்டுக்காரியே வந்து தன் வீட்டைச் சோதனை போடச் சொல்கிறாளே என்று நினைத்திருப்பான். கேட்டபடி கழற்றினான். பிரேக்கை மிதித்துக்கொண்டே மேடேறியிருந்தால் இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும், கருகிய வாடை வரும். அப்படி ஒன்றும் இல்லை.

"உன் கால் மேல எந்தக் குத்தமும் இல்ல," என்றான் நிக்கோ. "போதுமா? இப்ப வண்டியோட குத்தத்தப் பாக்கலாமா?"

அவள் பட்டறைச் சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள். ஆனால் அது பாதி விடுதலைதான். காரணம் கால் இல்லையென்றால் வேறு எது? அது தெரியாமல் வடகாற்றில் யாரை ஏற்றிக்கொண்டு எந்த மேட்டுக்குப் போவாள்?

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இருவரும் ஊருக்கு வெளியே இருக்கிற ஏற்றத்தில் ஓட்டினார்கள். முதல் தடவை ஏறியது. இறங்கி மறுபடி ஏறியது. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு, மூன்றாவதோ நான்காவதோ ஏற்றத்தில், அதே ஓலம். அதே தவிப்பு. டார்லீனுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் வேலி மூலைதான் கண்ணுக்குள் வந்தது. ஆனால் நிக்கோ பல்லைக் காட்டினான். ஒளிந்துகொள்கிற நோய் டாக்டர் முன்னால் வந்து நின்றால் அவருக்குச் சந்தோஷம்தானே.

சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே கியர் பெட்டியின் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை உருவினான். சிரிப்பு நின்றுவிட்டது. மாதுளம் சாறு மாதிரி சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், நுரை பொங்கி இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தது.

எண்ணெய் பாலாவது இரண்டு காரணத்தால்தான் என்று அவன் விளக்கினான். ரேடியேட்டருக்குள் எங்கோ ஓட்டை விழுந்து தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கலாம். அப்படியானால் உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் ஊறிப் போயிருக்கும், பெட்டியையே மாற்ற வேண்டும், இந்தக் கோடை முழுக்க டரிங்காவுக்கு வண்டி கிடையாது. இல்லையென்றால் வெறும் காற்று கலந்திருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க ஊறுகாய் போட்டுத் தீர்ந்த ஒரு கண்ணாடி ஜாடியைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து, பட்டறை ஜன்னலில் வைத்தான். தண்ணீர் என்றால் பாலாகவே நிற்கும். காற்று என்றால் தெளியும்.

இருவரும் ஆளுக்கொரு காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அவன் தன் பங்குச் சாப்பாட்டைப் பிய்த்துக் கொடுத்தான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜாடியையே பார்த்தாள். ஜாடியில் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. பிறகு அடியில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. கோடு தடித்தது. நுரை குமிழ் குமிழாக மேலே ஏறி உடைந்தது. வெயில் ஜாடிக்குள் புகுந்து, சிவப்பு சுத்தமாகத் தெரிந்தபோது டார்லீனுக்கு மூச்சு வந்தது.

"காத்துதான்," என்றான் நிக்கோ. "சரி, காத்து எப்படி உள்ள போச்சு?"

மறுபடி என்ஜினை ஓட்டிக் குச்சியை விட்டு எடுத்தான். அதில் இரண்டு கோடுகள். கீழ்க்கோடு ஆறிய எண்ணெய்க்கு, மேல்கோடு காய்ந்த எண்ணெய்க்கு. எண்ணெயோ மேல்கோட்டையும் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கியர் பெட்டியின் தலையில் காற்று வாங்க ஒரு மூச்சுத் துளை இருக்கும். அதைச் சுற்றிலும் எண்ணெய் கக்கிய கறை. யார் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேட்டான்.

ஒருவர் மட்டும் என்று இல்லை, எல்லாரும்தான் என்றாள் அவள். அடியில் எப்போதும் ஈரம் கசிகிறது. பார்க்கிறவர்கள் குறைகிறதே என்று ஊற்றுவார்கள். வண்டி நிற்கிற எங்கள் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது, வண்டியை நிறைத்து வை என்று. ஒரு காலத்தில் காலித் தொட்டியோடு நிறுத்திவிட்டுப் போன வண்டியை அடுத்த தீக்கு எடுத்துக்கொண்டு போய் அவமானப்பட்டதிலிருந்து அதுதான் எங்களுக்கு வேதம். தண்ணீர் விளிம்பு வரைக்கும், டீசல் விளிம்பு வரைக்கும், எல்லாமே விளிம்பு வரைக்கும்.

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இந்தக் குடம் நிறைந்ததனால்தான் தளும்பியது. சனி, ஞாயிறு காலையில் கொட்டகைக்கு வருகிறவர்கள் குளிர்ந்த வண்டியை உசுப்பிக் குச்சியைப் பார்ப்பார்கள். எண்ணெய் கீழ்க்கோட்டில் நிற்கும். ஆறிய எண்ணெய்க்கு அதுதான் சரி. அவர்கள் கண்ணோ மேல்கோட்டில். ஐயோ, குறைகிறதே என்று அதுவரைக்கும் ஊற்றுவார்கள். வண்டி ஓடிக் காய்ந்ததும் எண்ணெய் பொங்கி ஏறும், சுற்றுகிற பல்சக்கரங்கள் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் நுரையைக் குடிக்கும். நுரைக்கு ஏது பலம்? கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் வண்டி நிற்கும். ஆறினால் நுரை அடங்கி மறுபடி சமர்த்தாக ஓடும். மிச்சம் மூச்சுத் துளை வழியாக வெளியே வழியும். அதைப் பார்த்துவிட்டு ஒழுகுகிறது என்று அடுத்த ஆள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவான். ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டுகிற வழக்கம்தான் நம் ஊரில் இல்லையே.

நிக்கோ வாய்விட்டுச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அதிகப்படி எண்ணெயை இறக்கி அளவாக வைத்தான். தட்டுகள் கருகிய வாடை இல்லை, பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன், பாரத்தோடு உங்கள் மேட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றான்.

திரும்பி வருகிற வழியில் முதலில் அவளுக்குப் பாட வேண்டும் போல இருந்தது. என் காலல்ல, என் காலல்ல. கோதுமைக் களஞ்சியத்தைத் தாண்டும்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. சனிக்கிழமை தவறாமல் கொட்டகைக்கு வருகிறவன் யார்? சிவப்பு எண்ணெய் டப்பாக்களை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பவன் யார்? லைல். அதற்குமேல் பாட்டு வரவில்லை.

வியாழக்கிழமை கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். லைல் பின்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆடுகள் போனதிலிருந்து அவன் சவரம் செய்திருக்கவில்லை. புளூயி தொண்டையைச் செருமிக்கொண்டு டார்லீன் பக்கம் திரும்பினான். அவள் எழுந்து நிக்கோ கண்டதைச் சொன்னாள். யார் ஊற்றியது என்று சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. எண்ணெய் கூடிப் போச்சு என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் கெர்ரி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் தான் அரை டப்பா ஊற்றியதாகச் சொன்னாள். இன்னொருவன் கையைத் தூக்கினான். புளூயி தன் செம்பட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு, நானும்தான் என்றான். ஒழுகுதேன்னு ஊத்துனேன், நீயுமா, நானும்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பாதிப் பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். வெட்கச் சிரிப்பு. அது பின்வரிசை வரைக்கும் போய் அங்கே செத்துப்போனது.

லைல் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் வாராவாரம் ஊத்துனேன். குறையவே விடல. அப்ப என் ஆடுங்கள நானேதான்..."

டார்லீன் யோசிக்காமல் எழுந்துவிட்டாள்.

"நானும் ஊத்துனேன், லைல். நாம எல்லாரும்தான்."

லைல் நிமிர்ந்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நீ அந்த மூடியத் தொட்டதே இல்ல, டார்லீன். எனக்காகப் பொய் சொல்லாத. அதத் தாங்கிக்க முடியல."

எழுந்து போய் எண்ணெய் அலமாரிச் சாவியைப் புளூயியின் முன்னால் வைத்துவிட்டு, தன் பிக்கப்பில் ஏறிப் போய்விட்டான். லாரியின் சாவி டார்லீன் கையிலேயே இருக்கட்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. ஒருவர் விடாமல் வந்து அவள் தோளைத் தட்டினார்கள். கெர்ரி சுட்டுக்கொண்டு வந்த தேங்காய்க் கேக்கை இரண்டு துண்டாக அவள் தட்டில் வைத்தாள். ஜெயித்தவளுக்கு இருக்க வேண்டிய ருசி அதில் இல்லை.

சனிக்கிழமை வடகாற்று வந்தது. அடுப்பைத் திறந்து வைத்தது போன்ற காற்று. வானம் புழுதியில் பழுத்துக் கிடந்தது. கொட்டகையில் எல்லாரும் மஞ்சள் சட்டையோடு காத்திருந்தார்கள், லைலைத் தவிர. கழுகு மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் எங்கே புகை எழுந்தாலும் தெரியும். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்று புளூயி சொன்னான். அவன் டார்லீனைப் பார்க்கவில்லை. அந்த மேட்டில் வண்டி இன்னும் ஏறிப் பார்க்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மற்றவர்கள் பிக்கப்பில் பின்னால் வரட்டும், நான் மட்டும் முன்னால் ஏற்றிப் பார்க்கிறேன் என்றாள் அவள்.

தொட்டி நிறையத் தண்ணீர். அடிவாரத்துக்கு வருவதற்குள் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது. கருகிய புல் இரண்டு பக்கமும் தொடங்கியது. அன்றைக்கு நின்ற வளைவு வந்தது. அவள் ஒரே சீராக மிதித்தாள். என்ஜின் குரல் தடித்தது, ஒரு கியர் இறங்கியது, எங்கோ அடியில் ஏதோ ஒன்று இறுக்கிப் பிடித்தது. முதன்முறையாக அந்தப் பிடியை அவள் உட்காருகிற இடத்திலேயே உணர்ந்தாள். வண்டி ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. வேலி மூலையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் லைலின் வாசல். அவன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். வண்டி ஏறுகிற சத்தத்தை அடிவாரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருப்பான். டார்லீன் ஜன்னலை இறக்கி, ஏறிக்கொள் என்றாள்.

"என்னை நம்பி வண்டிப் பக்கம் விடுவியா?" என்றான்.

"என்னை நம்பிப் பக்கத்துல உக்காருவியா? போன வாரம் ஊருல பாதிப் பேரு உக்காரமாட்டேன்னாங்க."

அவன் சிரிக்கவில்லை. பிறகு உள்ளே போய் மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான். அவள் வண்டியை மேட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய் மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்தினாள். பொழுது சாய்ந்து, குளிர்ந்த தெற்குக் காற்று திரும்பும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எங்கும் புகை எழவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் லைல் தன் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் தீ அடுப்புக்குள் மட்டும் இருக்கட்டும். உங்கள் ஆடு மாடு பெருகட்டும். நீங்கள் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர நாலு பேர் எப்போதும் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.